வெள்ளைக்குக் காட்டிய சோறு

நாற்றம் போட்டோவில் விழாது. விழுமானால் ராஜம்மா ஒரே ஒரு படத்தை ஆபீசர் மேஜைமேல் வைத்திருந்தால் போதும், அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ஸ்டூடியோ. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றுக்கும் போய்வருகிறேன். தை மாசம், ஒரு வியாழக்கிழமை மதியம், கடையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வாடைதான் உள்ளே வந்தது. அழுகின முட்டை, அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவினமாதிரி. நிமிர்ந்து பார்த்தால் ராஜம்மா. கூட அவள் மகள் ஆர்த்தி, பிளஸ் டூ படிக்கிற பெண், யூனிபார்மோடு.

ராஜம்மாவை எனக்குத் தெரியும். பசியாவரம் தீவுக்குப் படகு போகிற வழியில், கருவேலங்காட்டை ஒட்டி இருக்கிற காலனி. அவளும் புருஷன் சடையனும் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் பட்டதும் தலையைக் கிள்ளிப்பிடித்து பறிக்குள் போடவேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கை இரண்டும் சேற்றில், வாய் தண்ணீருக்கு அரையடி மேலே. நாலைந்து மணிநேரம் அப்படியே.

"குந்து ராஜம்மா," என்றேன்.

"இருக்கட்டும் அண்ணே. சேருல கறை புடிச்சிக்கும்." முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கைல இன்னா?"

"காட்டுமா," என்றாள் ஆர்த்தி. "அதுக்குத்தான வந்தோம்."

காட்டினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். விரலிடுக்கெல்லாம் தோல் ஊறி வெளுத்து உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மணிக்கட்டு வரைக்கும் தடிப்பு தடிப்பாகச் சிவப்பு, அதன் ஓரத்தில் மஞ்சளாக நீர். நாலு நகம் கறுத்துப்போயிருந்தது.

"இன்னா இது?"

"தண்ணி அண்ணே. பண்ணத் தண்ணி."

அவர்கள் இறங்குகிற ஓடைக்கு மேலே ஒரு இறால் பண்ணை இருக்கிறது. யாருடையது என்று எழுதி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குளத்துக் கழிவை ராத்திரியெல்லாம் தேக்கிவைத்து, விடிகாலையில் வத்தம் இறங்கி ஏரித்தண்ணீர் கடல்பக்கம் வடியும்போது குழாயைத் திறந்துவிடுவான். ஒரு மணிநேரம். வெயில் ஏறுவதற்குள் மூடிவிடுவான். பகலில் வந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"கலெக்டரு வரைக்கும் மனு குடுத்தாச்சி மாமா," என்றாள் ஆர்த்தி. "டவுன்ல கழிவுத் தண்ணி கம்ப்ளெயின்ட் பாக்குற ஆபீஸ்ல கூப்ட்டாங்க. நான் போன்ல எடுத்த போட்டோவ காட்டுனேன். இத்த பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தண்ணீர் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நீலம். பின்னால் இளஞ்சிவப்பில் வானம். அடுத்த படத்தில் ராஜம்மாவின் கை. தோல் வழுவழுவென்று, கிரீம் விளம்பரத்துக்குக் கொடுக்கலாம்.

"ஆபீசரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஏம்மா, பிக்னிக் வர்ற எடம் மாதிரி இருக்கு, இதுக்குப்போய் கம்ப்ளெயின்ட்டா'ன்னாரு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க."

"உன் கைய நேர்ல காட்டலியா ராஜம்மா?"

"காட்டுனேன். 'எடு எடு, மேஜ மேல வெக்காத'ன்னாரு. மெடிக்கல் கேம்ப் டாக்டரு எழுதிக் குடுத்த சீட்ட படிச்சாரு. சுத்தபத்தமா இல்லாததால வந்த சொறின்னு எழுதிக்குது அதுல. நான் தண்ணிலியே கெடக்குறவ அண்ணே. என்ன மாதிரி குளிக்கிறவ எவ கீறா இந்த ஊர்ல?"

போனுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தாலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரியவேண்டும் என்று போன் தானாகக் கலரைத் திருத்தும். ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். தண்ணீர் முழுக்கப் பழுப்பாக இருந்தால் வெளிச்சம்தான் பழுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பழுப்பை எடுத்துவிடும். அழகுக்கு இன்னொன்று உள்ளே இருக்கிறது, அது சொறியைத் தேய்த்துவிடும்.

"சாக்கடைய கழுவிக் குடுக்குதா?" என்றாள் ராஜம்மா. "அந்தப் பண்ணக்காரன் கிட்ட வேலைக்கு சேத்துவுடு அத்த."

ஆபீசர் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் நல்ல கேமராவில் எடுத்துவர வேண்டும். கம்ப்யூட்டரில் கலர் மாற்றக்கூடாது. கேமராவையே கொண்டுவரவேண்டும், அவர் கார்டைப் போட்டுப் பார்ப்பார். இல்லையென்றால் பைலை மூடிவிடுவார்.

"மூடுனா?"

ஆர்த்திதான் சொன்னாள். "புதன்கெழம சூளைக்கு வேன் வருது மாமா. ஏரில எறங்க முடியாதுன்னா செங்கல் அறுக்கப் போலாம்னு நைனா சொல்லிட்டாரு. குடும்பத்தோட போவணும். எனக்கு மார்ச்சுல பரிச்ச."

காலனியிலிருந்து சூளைக்குப் போன பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஸ்கூல் குரூப் போட்டோ எடுக்கிறவன் நான்தானே.

நாளைக்கே வருகிறேன் என்றேன். எதிர்க்கடையில் டீ சொன்னேன். எனக்குக் கண்ணாடி கிளாசிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் வாங்கிவந்தேன். ஆர்த்தி இரண்டையும் பார்த்தாள். ராஜம்மா கப்பைப் பார்த்துவிட்டுக் குடித்தாள். குடித்து முடித்துக் கசக்கி, தானே தெருவில் கொண்டுபோய்ப் போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் காலனிக்குப் போனேன். வாடைக்காற்று எலும்பைக் கடித்தது. சடையன் படகைத் தள்ளிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பளீரென்று வேட்டி, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி.

"இன்னாடா மாப்ள மாதிரி வந்துகீற?"

"போட்டோ எடுக்கப்போறன்னியே."

"ஒன்ன எடுக்கல. சாக்கடைய எடுக்கப்போறேன்."

"சாக்கடைல நானும் நிப்பேன் இல்ல? பேத்திங்க பாத்தா கோமணத்தோடயா நிக்கிறது?"

"மொதல்ல பொண்ணு படிச்சி முடிக்கட்டும்," என்றாள் ராஜம்மா. "அதுக்குள்ள பேத்தி கேக்குது இதுக்கு. ராத்திரில்லாம் தொவச்சிது அண்ணே அந்த வேட்டிய. எனக்கு கையில தண்ணி படக்கூடாதுன்னு அதுவே தொவச்சிது. பொம்பள கணக்கா."

வேட்டியைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்துவிட்டது. கேமராவுக்கு ஒயிட் பேலன்ஸை நாமே வைக்கலாம். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிவிட்டால் மற்றக் கலரெல்லாம் சரியாக விழும். கல்யாணத்தில் நான் இதெல்லாம் செய்வதில்லை. ஆட்டோவில் எடுத்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் பெண்ணை வெளுப்பாக்கிக் கொடுப்பேன். கேட்பார்கள், கொடுப்பேன். வெள்ளைக்குப் பதிலாகக் காட்டுகிற சாம்பல் அட்டை ஒன்று வைத்திருந்தேன், கரையான் தின்று பல வருஷம்.

ஓடை வாயில் படகை நிறுத்தினோம். இருட்டு பிரிந்து நீலமாக வந்தது வெளிச்சம். எதிரே கரைமேட்டில் தடியான குழாய். ஆறு மணிக்கு அது இருமினமாதிரி ஒரு சத்தம், பிறகு கொட்ட ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பிணத்தையும் படம் எடுத்திருக்கிறேன். எனக்கு அன்றைக்குத்தான் வாந்தி வந்தது. படகின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தேன். அதுவும் அந்தத் தண்ணீரிலேயே விழுந்து, எது எதுவென்று தெரியாமல் கலந்துபோனது.

கறுப்பு என்றும் சொல்லமுடியாது. அடியில் கறுப்பு, மேலே காப்பிக் கஷாயம் மாதிரி சிவப்புப் பழுப்பு, ஓரத்தில் பச்சையாக நுரை. நுரைக்குள் இறால் ஓடுகளும் செத்த மடவை மீனும் சுற்றிக்கொண்டிருந்தன.

"இதுலதான் நாங்க வாய வெச்சினு நிக்கிறோம்," என்றான் சடையன்.

"வெளிச்சம் வருது, சீக்கிரம்," என்று சொல்லி அவன் வேட்டியை விரிக்கச் சொன்னேன். லென்ஸ் நிறைய வேட்டியைப் பிடித்து வெள்ளையை வைத்தேன். எடுத்தேன், முப்பது நாற்பது படம். குழாய், நுரை, மீன், ராஜம்மாவின் கை. ஆறரை தாண்டிச் சூரியன் மேலே வந்ததும் திரும்பவும் வேட்டியைக் காட்டி வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். ஏழு மணிக்குக் குழாய் நின்றது. ஏழரைக்கு ஓடை எப்போதும்போலச் சேற்றுக் கலரில் ஒன்றும் அறியாமல் கிடந்தது.

அப்புறம்தான் கேமராவில் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். சூரியன் வருவதற்கு முன்னால் எடுத்ததும் மஞ்சள். குழாய்க்குப் பக்கத்தில் நின்ற கொக்கு மஞ்சள். கையில் சிவப்பும் இல்லை, நீரும் இல்லை, மஞ்சள் பூசிக் குளித்தவள் கை மாதிரி இருந்தது.

"கொக்கு எப்டிடா மஞ்சளாவும்?" என்று சடையனைக் கேட்டேன், அவன் என்னமோ கொக்குக்குச் சொந்தக்காரன் மாதிரி.

வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் இப்போது தெரிந்தது. "நீலம் போட்டியா?"

"போட்டேன். நெறைய போட்டேன். அரை பாட்டிலு."

"அரை பாட்டிலா!"

"பளிச்சுனு இருக்கட்டும்னு..."

கேமரா நீல வேட்டியை வெள்ளை என்று நம்பிவிட்டது. நம்பி, எல்லாவற்றிலும் நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளைச் சேர்த்துவிட்டது. இந்தப் படத்தைக் காட்டினால் ஆபீசர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். காலை வெயில் மஞ்சள், தண்ணீர் மேல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பார். சடையன் முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொட்டு நீலம் துணியை ஏமாற்றும் என்று தெரிந்திருக்கவேண்டியவன் அவன் இல்லை, நான்.

ராஜம்மா சடையனைத் திட்டவில்லை. "தோ பாரு, நாளைக்கு அழுக்கு வேட்டியோட வா," என்றாள். "பேத்தி பாக்கட்டும்."

*

சனிக்கிழமை ஸ்டூடியோவிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்துப்போனேன், நாலைந்து. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு. அன்றைக்கு ஆர்த்தியும் படகில் வந்தாள். தாளைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

படகில் ஒரு அலுமினியத் தூக்கு இருந்தது. மூடியை மீறி ஆவி வந்துகொண்டிருந்தது.

"இன்னாது?"

"சோறு," என்றாள் ராஜம்மா. "நேத்து நீ வெறும் வயத்தோட வாந்தி எடுத்த. இன்னிக்கி ஒனக்கோசரம் பச்சரிசி வெச்சேன். ரேசன் அரிசி ஒனக்கு எறங்காது. எறால் தொக்கு கீது, நல்ல தண்ணில புடிச்சது, பயப்படாத. முடிச்சிட்டு துன்னலாம்."

சமைத்தது யார் என்று கேட்க வாய் வரவில்லை. அவள் கையைப் பார்த்தேன். "நான் சனிக்கெழம வெரதம்," என்றேன்.

"அப்டியா," என்றாள். அவ்வளவுதான்.

குழாய் திறந்ததும் கரைமேட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. பண்ணை வாட்ச்மேன் கருப்பன். துண்டால் மூக்கைக் கட்டியிருந்தான்.

"யார்ரா அது? இன்னா போட்டோ புடிக்கிறீங்க?"

நான் கேமராவை மடியில் இறக்கினேன். ராஜம்மா எழுந்து நின்றாள். "அவுட்டோரு எடுக்கறோம் கருப்பா. இப்பல்லாம் கல்யாணம் கட்டறவங்க ஏரில வந்து எடுக்குறாங்க இல்ல, அந்த மாரி."

"யாருக்கு?"

"எனக்கும் இதுக்கும்," என்று சடையனைக் காட்டினாள். "அப்ப போட்டோ எடுக்கல. இப்ப எடுத்துக்கறோம்."

கருப்பன் சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது. "கெழவனுக்கும் கெழவிக்கும் அவுட்டோரா? எடம் பாத்துப் புடிச்சீங்க பாரு. கலீஜ் புடிச்சவங்களா!" துண்டை இன்னும் இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். காவலுக்கு இருக்கிறவனாலேயே அங்கே இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை.

நீல வெளிச்சத்தில் முதல் தாளைக் காட்டி வெள்ளையை வைத்தேன். பார்த்தேன். சரியாக இருந்தது. தண்ணீர் தண்ணீரின் கலரில் விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. நாலு படம்தான் எடுத்திருப்பேன், வெளிச்சம் மாறிவிட்டது. அந்த நேரத்தில் அப்படித்தான், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாறும். முதலில் நீலம், அப்புறம் சாம்பல், அப்புறம் ரோஸ், அப்புறம் மஞ்சள். ஒவ்வொரு தடவையும் வெள்ளையைப் புதிதாக வைக்கவேண்டும்.

"தாளு!" என்றேன்.

ஆர்த்தி உறையிலிருந்து எடுக்கவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. உறையோடு எல்லாத் தாளும் பறந்து தண்ணீரில் விழுந்தது. சடையன் துடுப்பால் ஒன்றை இழுத்துத் தூக்கினான். பழுப்பாக ஊறித் தொங்கியது. அதை நீளக் குச்சியில் மாட்டி என்னிடம் நீட்டினான், துடைத்தால் சரியாகிவிடும் என்பதுபோல.

"போச்சு," என்றேன். என் சட்டை நீலம். ஆர்த்தி சுடிதார் பச்சை. சடையன் சொல்லிவைத்தமாதிரி அழுக்கு வேட்டியோடு வந்திருந்தான், அது மண் கலர். கொக்குகூட இல்லை. சூரியன் வர எட்டு நிமிஷம், குழாய் மூட அரை மணி. நாளைக்கு ஞாயிறு, பண்ணைக்கு லீவு.

"மாமா," என்றாள் ஆர்த்தி. "சோறு வெள்ளதான?"

நான் அவளைப் பார்த்தேன். ராஜம்மா அதற்குள் தூக்கைத் திறந்துவிட்டாள். பச்சரிசிச் சோறு. ரேஷன் அரிசியாக இருந்தால் அந்தப் பழுப்பு இன்னொரு மோசம் செய்திருக்கும். எனக்காக வைத்த சோறு, மல்லிப்பூ மாதிரி இருந்தது. தட்டில் கொட்டிப் பரப்பினாள். ஆர்த்தி தட்டைத் தூக்கிப் பிடித்தாள். லென்ஸ் நிறையச் சோறு. வெள்ளையை வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். நுரை பச்சையாக, தண்ணீர் சிவப்புப் பழுப்பாக, வானம் வானமாக.

"சோறு!" என்று கத்தினேன் அடுத்த ஐந்து நிமிஷத்தில். தட்டு வந்தது. திரும்பவும் "சோறு!"

"வெரதம்னு சொல்லிட்டு இன்னா கத்து கத்துறாரு பாரு சோத்துக்கு," என்றாள் ராஜம்மா. சடையன் சிரித்துச் சிரித்துப் படகு ஆடியது. நானும் சிரித்தேன். குமட்டிக்கொண்டே சிரித்தேன்.

கடைசியில் அவள் கை. சூரியன் வந்து எல்லாவற்றின் மேலும் மஞ்சளை அடித்துக்கொண்டிருந்தது. கையைத் தனியாக எடுத்தால் ஆபீசர் 'வெயில்' என்பார், 'கலர் மாத்திட்டே' என்பார். பக்கத்தில் வெள்ளை இருந்தால்தான் வாயடைப்பார்.

"ராஜம்மா, கைய சோத்து மேல வெய்."

சட்டென்று நிமிர்ந்தாள். "சோத்து மேலயா?"

"ஒரே படத்துல வரணும். சோறு வெள்ளையா இருந்தா கையும் நெசம். பின்னால தண்ணியும் நெசம்."

"அப்பால யாரு துன்னுவா அத்த?"

சடையன் துடுப்பைக் கீழே வைத்தான். "நான் துன்னுவேன் வெய்யி," என்றான்.

வைத்தாள். வெள்ளைச் சோற்றின் மேல் விரித்த கை. பிளந்த விரலிடுக்கு, சிவப்புத் தடிப்பு, மஞ்சள் நீர், கறுத்த நகம். பின்னால் குழாய் கொட்டிக்கொண்டிருக்கிறது. பதினோரு படம் எடுத்தேன். குழாய் நின்றது.

கரையோரம் நல்ல தண்ணீருக்குப் படகைத் தள்ளிக்கொண்டுபோய் அவர்கள் மூன்று பேரும் அந்தச் சோற்றைத் தொக்கு பிசைந்து தின்றார்கள். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பசியில் வயிறு எரிந்தது.

*

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் இருந்தோம். ராஜம்மா, ஆர்த்தி, நான். பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ராஜம்மா உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். பியூன் வந்து, "ஏம்மா, சுவத்த தொடாத, இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு," என்றான். அவள் தொடவேயில்லை. பெயின்ட்டும் பழசு.

ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசர் மேஜைமேல் டிபன் பாக்சைத் திறந்துவைத்திருந்தார். தயிர்ச் சோறு, தொட்டுக்கொள்ள இறால் தொக்கு.

"சாப்பிட்டுக்கிட்டே பாத்துடறேன். ரெண்டு மணிக்கு மீட்டிங். அந்தக் கார்டக் குடுங்க."

அவரே கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். ஒரு வாய் தின்றுகொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினார். குழாய் வந்தது. நுரை வந்தது. மடவை மீன் வந்தது.

"கலர் தூக்கலா இருக்கே. ஏத்தியிருக்கீங்களா?"

"இல்ல சார். கேமராவுல எடுத்தபடி இருக்கு."

"யாரு நம்பறது? சிவப்பு வேணும்னா சிவப்பு, பச்ச வேணும்னா பச்ச. ஒங்க ஆளுங்க கல்யாணத்துல கறுப்புப் பொண்ண வெள்ளையாக்கறீங்க, பாக்கறேன்ல?"

அது பொய் இல்லை. "அடுத்தத தட்டுங்க சார்," என்றாள் ஆர்த்தி.

தட்டினார். மானிட்டர் பெரியது. முழுசாக நிறைந்தது அந்தக் கை.

ஆபீசரின் கை பாதி வழியில் நின்றது. விரலில் தயிர்ச் சோறு. திரையில் சோறு. இரண்டும் ஒரே வெள்ளை. ஏத்தியிருக்கிறீர்களா என்று அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

"ஏம்மா, இத ஏன் சோத்துல வச்ச?" என்றார்.

"வெள்ளைக்கு சார்," என்றாள் ராஜம்மா. "வெள்ள பக்கத்துல இருந்தாத்தான் கலரு நெசமான்னு தெரியுமாம். போட்டோக்கார அண்ணன் சொல்லுச்சி." பிறகு டிபன் பாக்சை எட்டிப்பார்த்தாள். "வெள்ளெறாலா சார்?"

"ஏன்?"

"பண்ண எறாலு வெந்தா இப்டி சுருளாது. இது ஏரிது. தலயோட ஆக்கிகீறாங்க, பாரு, கிள்ளுன தடம் கீது. கையால புடிச்சது. நாங்க புடிச்சதா இருக்கும், இல்லாங்காட்டி எங்க ஆளுங்க புடிச்சதா இருக்கும். காலனில முப்பது பேருக்கு இந்த கைதான் சார்."

ஆபீசர் கையிலிருந்ததைப் பாக்சிலேயே போட்டார். மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தடவை அழுத்தினார். எழுந்துபோய் வாஷ்பேசினில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பவும் சோப்புப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"துன்னு சார்," என்றாள் ராஜம்மா. "நாங்க தெனம் இந்தக் கையாலதான் துன்றோம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பைலை இழுத்து எழுதினார். எழுதினதை ஆர்த்தி தலைகீழாகவே படித்துவிட்டாள். நாளை விடிகாலை ஐந்தரைக்கு நேரில் ஆய்வு, தண்ணீர் சாம்பிள் எடுப்பது, அதுவரை குழாயை மூடச்சொல்லி நோட்டீஸ் கிடையாது, நோட்டீஸ் கொடுத்தால் பண்ணைக்காரன் உஷாராகிவிடுவான். அதை அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டார். எங்களை வெளியே அனுப்பியதும் பியூனைக் கூப்பிட்டு டிபன் பாக்சை எடுத்துப்போகச் சொன்னது காதில் விழுந்தது.

பைல் மூடப்படவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். ஒரு ஆளின் வயிறு புரண்டால்தான் ஒரு கையெழுத்து விழும் என்றால், அந்தக் கையெழுத்தின்மேல் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. கைக்குச் சொந்தக்காரி அதை ஒரு மாசமாக நேரில் நீட்டிக்கொண்டிருந்தாள். எடு எடு என்றார்கள்.

ஆபீசுக்கு வெளியே புங்கமர நிழலில் நின்றோம். பஸ் இரண்டரைக்கு.

"நைனாவுக்கு போன் போடு," என்றாள் ராஜம்மா. "சூளைக்காரன் கிட்ட சொல்லச் சொல்லு, நம்ம வர்ல. தண்ணி எடுத்துட்டுப் போறவரைக்கும் பாப்போம்னு சொல்லச் சொல்லு. அப்பால நீ போயி பொஸ்தகத்த எடு."

ஆர்த்தி போனோடு தள்ளிப்போனாள். ராஜம்மா பையிலிருந்து தூக்கை எடுத்து மரத்தடியில் வைத்தாள். இரண்டு தட்டு.

"அண்ணே, இன்னிக்கி இன்னா கெழம?"

"திங்கள்."

"திங்கக்கெழமைக்கு வெரதம் எதுனா கீதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை. பேப்பர் கப்பும் தெரியும் அவளுக்கு, சனிக்கிழமையும் தெரியும்.

"இல்ல," என்றேன்.

தூக்கைச் சாய்த்துத் தட்டில் கவிழ்த்தாள். மூடியால் ஒதுக்கிவிட்டாள். விரல் சோற்றில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"தொடல. ஆர்த்திதான் பொங்குனா. கவுத்துத்தான் போட்டேன். துன்னு."

இன்றைக்குப் பச்சரிசி இல்லை. ரேஷன் அரிசி, பழுப்பாக, உப்பு போட்ட தண்ணீரோடு. முதல் வாய் இறங்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வேறு பக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய் இறங்கியது.